பிறைக்கு அடுத்த முகம்

அந்தக் குடியிருப்பில் யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தேவைப்பட்டதில்லை. எல்லோருக்கும் அவள் காஜாக்கா. சட்டைத் தொழிற்சாலையில் காஜா மெஷினில் உட்கார்ந்து பித்தான் துளை போடுகிறவள். மற்ற தையலில் கோணல் வந்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். காஜாவில் அந்தச் சலுகை கிடையாது. மெஷின் முதலில் இரண்டு பக்கமும் ஓரம் தைக்கும், அப்புறம் கத்தி இறங்கி நடுவில் கிழிக்கும். கிழித்தது கிழித்ததுதான். வேலையால் வந்த குணமா, குணத்துக்கேற்ற வேலையா என்று தெரியாது, காஜாக்காவும் அப்படித்தான். முடிவெடுக்க நாளாகும். எடுத்துவிட்டால் மாற்றமாட்டாள்.

அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் மாலையில் அந்தக் கட்டடத்துப் பெண்கள் மொட்டை மாடிக்குப் போவார்கள். சூரியன் விழுந்த கொஞ்ச நேரத்துக்குத்தான் மேற்கே பிறை இருக்கும். பார்த்து, கும்பிட்டு, மனதில் உள்ளதைச் சொல்லிக்கொள்வார்கள். அதோடு முடியாது. பிறையைப் பார்த்த கண் அடுத்து எதில் விழுகிறதோ, அந்த மாதம் அதைப் போலவே போகும் என்பது அவர்கள் சட்டம். சிலர் தங்க வளையலைப் பார்ப்பார்கள், சிலர் உள்ளங்கையை. ஆனால் வருஷக் கணக்காக முக்கால்வாசிப் பேர் பார்த்தது காஜாக்காவின் முகத்தை.

அதை ஆரம்பித்து வைத்தவள் இரண்டாம் மாடிக்காரி. ஒரு பிறையன்று தற்செயலாகத் திரும்பினாள், எதிரே காஜாக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே வேலையில்லாமல் கிடந்த இரண்டாம் மாடிக்காரியின் புருஷனுக்கு டிரைவர் வேலை கிடைத்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் காக்கைக்கு மவுசு வந்துவிட்டது. அன்றிலிருந்து காஜாக்கா முகராசிக்காரி. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். பிறையன்று முகத்தை இரண்டு தடவை கழுவி, பொட்டைப் புதிதாக வைத்துக்கொண்டுதான் படியேறுவாள்.

எல்லோரும் அவளைப் பார்க்க, அவள் பார்த்தது தன் வீட்டுக்காரரை. கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவர். புருவத்தில் சிமெண்ட் தூளோடு வேலையிலிருந்து நேராக மாடிக்கு வந்து அவள் பக்கத்தில் நிற்பார்.

"ஊருக்கெல்லாம் உன் முகம். உனக்கு மட்டும் இந்தக் கரிமூஞ்சியா? பாவம்டி நீ" என்பார்.

"என் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே அந்த முகத்தைத்தான் ஆசை தீரப் பார்ப்பாள்.

அவர் ஒருநாள் கிரேனிலிருந்து ஏணி வழியாக ஒழுங்காக இறங்கி வந்து, நெஞ்சு வலிக்கிறதென்று கீழே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் மாடிக்காரியைக் குறை சொல்லக்கூடாது. அந்த நாட்களில் சோறு கொண்டுவந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தவள் அவள்தான். ராத்திரித் துணைக்கு வந்து படுத்தவளும் அவள்தான். ஆனால் துக்கமெல்லாம் கழிந்து பிறை வந்தபோது, அவளே, "மேல ஒரே சூடுக்கா. நீங்க படுங்க, ரெஸ்ட் எடுங்க" என்றாள்.

சூரியன் போன பிறகு மாடியில் என்ன சூடு? காஜாக்காவுக்குப் புரிந்துவிட்டது. புருஷனைப் பறிகொடுத்தவள் முகத்தில் யாராவது விழித்துவிட்டால் என்னாவது? வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் மரியாதை. அவள் வீடு மேல்தளத்தில் இருந்ததால் தலைக்கு மேலே செருப்புச் சத்தம் கேட்டது. அழுதாள். அவர் போனதற்கு அழுத அழுகை இல்லை இது. இதில் கோபம் பாதிக்குமேல் இருந்தது. அந்தச் செருப்புச் சத்தத்தை அடுத்த மாதமும் கேட்டாள், அதற்கடுத்த மாதமும் கேட்டாள்.

இப்படி மாதங்கள் போக, ஒரு பிறையன்று மதியம் சட்டையின் முன்பட்டியை மெஷினில் வைத்து அழுத்தினாள். கத்தி இறங்கியது. அந்த நேரத்தில்தான் முடிவெடுத்தாள். எழுந்து போய் சூப்பர்வைசரிடம், "இன்னைக்குச் சீக்கிரம் போகணும் சார், பிறை பாக்கணும்" என்றாள். காஜாக்கா சும்மா கேட்கிறவள் இல்லை என்பதால் அவர் தலையாட்டிவிட்டார்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் அன்று வீட்டில் இருந்தாள். அம்மா முகம் கழுவிப் புடவை மாற்றுவதைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"ஏம்மா, ஜன்னல் வழியா பாரேன்."

"ஜன்னல் கிழக்க பாக்குது."

"அவங்கல்லாம் மூஞ்சியத் திருப்பிக்குவாங்கம்மா. உன்னால தாங்க முடியாது."

"திருப்பிக்கட்டும். அவங்க கழுத்து, அவங்க திருப்புறாங்க. நான் பிறையப் பாக்கப் போறேன், அவங்களப் பாக்க இல்ல."

சொல்லிவிட்டாளே தவிர, பாதிப் படியில் ஒருமுறை நின்றுவிட்டாள். இன்று திரும்பி வந்துவிட்டால் இனி இந்த மாடி தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஏறினாள்.

மாடியில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் அவளுக்கு மட்டும் ஏகப்பட்ட இடம் கிடைத்தது. மேற்கே, நகத்தை வெட்டிப் போட்டது போல மெல்லிசாகப் பிறை நின்றது. கைகூப்பினாள். எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. எத்தனை நாளாயிற்று என்று மட்டும் நினைத்தாள்.

மற்றவர்கள் பாடுதான் திண்டாட்டம். பிறையைப் பார்த்தாயிற்று, இனி கண் தப்பித்தவறிக்கூட இந்தப் பக்கம் வரக்கூடாதே. ஒருத்தி உள்ளங்கையை மூக்கோடு ஒட்டிக்கொண்டாள். ஒருத்தி செல்போனில் பேரன் படத்தைத் தேடினாள், அதற்குள் விளம்பரம் வந்து தொலைத்தது. இரண்டாம் மாடிக்காரியின் புருஷனோ கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அவன் முகத்தில்தான் திறப்பது என்று, சுவரைத் தடவியபடி படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

கண்ணைத் திறந்து நடந்தாலே தடுக்கும் மாடி அது. துணிக்கொடி கழுத்தில் மாட்டியது. அதை விலக்கினாள், கால் தண்ணீர்க் குழாயில் இடறியது. படியின் விளிம்பில் தலைகுப்புறப் போகிற நேரம், காஜாக்கா பாய்ந்து அவள் புஜத்தைப் பிடித்து இழுத்தாள்.

கண் திறந்துகொண்டது. ஒரு சாண் தூரத்தில் காஜாக்காவின் முகம்.

இரண்டாம் மாடிக்காரிக்கு வாய் கோணியது.

"அடிபட்டுச்சா?" என்றாள் காஜாக்கா, பிடியை விடாமல்.

"இல்லக்கா."

"பாத்தாச்சுல்ல. இனிமே மூடி என்ன பிரயோஜனம்? தொறந்துக்கிட்டே இறங்கு, மூணாவது படி உடைஞ்சிருக்கு."

அந்த மாதம் முழுவதும் கட்டடமே இரண்டாம் மாடி வீட்டைக் கண்காணித்தது. புருஷனுக்குச் சளி பிடித்தபோது ஆளாளுக்குக் கண்ணால் பேசிக்கொண்டார்கள். அப்போது கட்டடத்தில் பாதிப் பேருக்குச் சளி என்பது யார் நினைவுக்கும் வரவில்லை. காஜாக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்ல ஆசைதான். உண்மையில், அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று தினமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

ஒன்றும் ஆகவில்லை. நல்லதுதான் நடந்தது. இழுத்துக்கொண்டே போன இரண்டாம் மாடிக்காரி மகளின் கல்யாணப் பேச்சு சட்டென்று கூடிவந்தது.

அடுத்த பிறையன்று கதவு தட்டப்பட்டது. இரண்டாம் மாடிக்காரி முன்னால் நின்றாள், அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர்.

"அக்கா, என்னை மன்னிச்சுக்கோங்க. உங்க முகத்துல முழிச்ச மாசம்தான் பொண்ணுக்கு இடம் அமைஞ்சுது. உங்க ராசி எங்கயும் போகலக்கா. மேல வாங்க, எல்லாரும் உங்களத்தான் பாக்கணும்னு இருக்கோம்."

காஜாக்காவின் மனம் ஒரு நிமிஷம் குளிர்ந்துதான் போனது. விட்டுப்போன பெருமை வாசல் தேடி வந்திருக்கிறது, யாருக்குக் கசக்கும்? பிறகு அந்த மாதம் முழுக்க வயிற்றில் கட்டியிருந்த நெருப்பை நினைத்துக்கொண்டாள்.

"உன் பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றாள். "ஆனா அது என் முகத்தால வந்தது இல்ல. அப்படி ஒத்துக்கிட்டேன்னா, நாளைக்கு எவ வீட்டுலயாவது ஒரு கெட்டது நடந்தா அதையும் நான் ஒத்துக்கணும். அவர் செத்ததுகூட என் முகத்தாலன்னு ஆயிடும். எனக்கு ராசியும் வேணாம், தோஷமும் வேணாம்."

"அப்ப மேல வரமாட்டீங்களாக்கா?"

"வராம? பிறை பாக்க வேணாமா?"

அவர்களுக்கு முன்னால் அவளே படியேறினாள். நேராக மேற்குக் கைப்பிடிச் சுவர்வரை போய், எல்லோருக்கும் முன்னால் நின்றுகொண்டாள். பெண்கள் பிறையைப் பார்த்தார்கள், கும்பிட்டார்கள், பழக்கப்படி அவள் பக்கம் திரும்பினார்கள். கிடைத்தது அவளுடைய முதுகுதான். திரும்புவாள் திரும்புவாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவரவர் வளையலையும் கையையும் பார்த்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கீழே இறங்கினார்கள்.

காஜாக்கா திரும்பவில்லை. பிறையிலிருந்து கண்ணை எடுத்தால் அது போய் விழுவதற்கு ஒரே ஒரு முகம்தான் இருந்தது, அது இப்போது இல்லை. அதனால் பிறை மறைகிறவரை பிறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.