ஸ்க்ரம் முன்வரிசையில் எங்கள் அண்ணன்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. இன்று திதிக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அவருடைய அணித் தோழர்களுக்கும் தங்கை நான் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அந்தியூரில் பிறந்த அண்ணன் கல்லூரிக்காகக் கோவை வந்தார். கபடியில் யாராலும் அவரைப் பிடித்து நிறுத்த முடியாததைப் பார்த்த பயிற்சியாளர் ஒருவர் ரக்பிக்கு இழுத்துக்கொண்டார். "முட்டையாட்ட இருக்கற பந்தைத் தூக்கிட்டு ஓடறது ஒரு பொழப்பா கண்ணு?" என்று அம்மா கேட்டார். அந்தப் பிழைப்பில்தான் அண்ணன் கொழும்பு வரை போய்ச் சம்பளத்துக்கு ஆடினார், என்னைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார். பிறகு கோவையிலேயே ஒரு தனியார் அணியில் சேர்ந்தார்.

ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து எதிரெதிரே முட்டித் தள்ளுவார்கள். முன்வரிசையில் நிற்பவர்களின் கழுத்தில்தான் அத்தனை பாரமும் இறங்கும். அதனால் அந்த இடத்துக்குப் பழகியவரைத்தான் மாற்றாக இறக்கலாம். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் நடுவர் தள்ளுவதையே நிறுத்திவிடுவார். அண்ணனின் அணியோ தள்ளியே ஜெயிக்கிற அணி.

கடைசியாக ஆடிய ஆட்டத்தன்று அண்ணனுக்குக் கழுத்து வலி, கை மரத்துப்போயிருந்தது. ஆடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாற்று ஆட்டக்காரரின் இடத்திலோ அணியின் மேலாளர் தன் மைத்துனரை அழைத்து வந்திருந்தார். அவர் ஸ்க்ரமில் ஒருநாளும் குனிந்தவரில்லை.

"ஒரு பாதி மட்டும் நின்னு குடுங்க தம்பி. நடுவர்கிட்ட கழுத்தைப் பத்தி மூச்சு உட்றாதீங்க" என்றார் மேலாளர். பக்கத்தில் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்த தோழர் தன் காதால் கேட்டது இது.

ஸ்க்ரம் சரிந்தது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் மாதக்கணக்கில் கிடந்தே அண்ணன் போய்ச் சேர்ந்தார். "வேண்டாம்னுதான் சொன்னேனுங்க, அவரு கேக்கல" என்று மேலாளர் ஊரெல்லாம் சொன்னார். மாலையோடு வந்து பிணத்தின் தலைமாட்டில் நின்றும் அதையே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அதை மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டார். நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

அண்ணனைக் குளிப்பாட்டத் தினமும் வந்து தூக்கிய உக்கடத்து ஆட்டோக்கார பாய்க்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

மேலாளரை ஆர்.எஸ்.புரத்தில் அவர் வீட்டுக்கே போய் இந்தத் திதிக்கு அழைத்தேன்.

"ஏனுங்க அம்மணி, பழசையெல்லாம் மறந்துட்டீங்களா?"

"வந்து சாப்புட்டுப் போகோணுங்க. மலர்ல உங்களைப் பத்தியும் எழுதறேனுங்க."

பூரித்துப் போனார். வருகிறேன் என்றார்.

இந்த மலரை இலை போட்டுச் சோறு பரிமாறிய பிறகே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். திதிச் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போவது இறந்தவரை அவமதிப்பது. அது அவருக்கும் தெரியும். அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அண்ணனின் தோழர்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். எல்லோரும் ஒருமுறை தலை நிமிர்ந்து அவரைப் பாருங்கள். அவர் மெதுவாகச் சாப்பிட்டு முடிக்கட்டும்.