ஐந்தாம் மாடியின் பதினாறு படிவங்கள்

நான் பொய்ப் படிவம் எழுதியவன். கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில் பதினாறு வீடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு கதவைக்கூடத் தட்டாமல், பதினாறு வீட்டாரும் சொன்னதாகப் பதில்களை நானே எழுதிக் கையெழுத்திட்டேன். அப்போது நான் ஒரு பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வுத் துறையில் மூத்த விரிவுரையாளர். மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறை வகுப்பு எடுத்ததும் நான்தான்.

நேரம் போதாமல் செய்துவிட்டேன் என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. அன்று வெயில் கடுமை. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கீழே இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் காற்றாடிக்கு நேர் அடியில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்காலில் ஒரு குறையும் இல்லை.

அது மூன்று துறைகள் சேர்ந்து செய்த ஆய்வு. பொறியியல் துறையினர் கட்டடத்தைப் பார்த்தார்கள். மருத்துவத் துறையினர் தரைத்தளத்தில் மேசை போட்டு, வந்தவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். இறங்கி வர முடிந்தவர்கள் மட்டுமே அந்த மேசைக்கு வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வர முடியாதவர்களைக் கண்டுபிடிக்க வேண்டியது வீடு வீடாகப் போகும் எங்கள் குழுவின் வேலை. எங்கள் படிவத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: 'துணையில்லாமல் படியிறங்க முடியாதவர் இந்த வீட்டில் இருக்கிறாரா?' தரைத்தளத்தில் சில வீடுகள் காலியாக இருந்தன. தேவை இருப்பது தெரிந்தால் அவற்றை அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மாற்றிக் கொடுப்பதாக வீடமைப்பு அலுவலகம் சொல்லியிருந்தது.

நான்கு மாடிகளை மாணவர்கள் முடித்துவிட்டுத் தேர்வுக்குப் போய்விட்டார்கள். ஐந்தாம் மாடியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஒரு சனிக்கிழமை தனியாகப் போனேன். கடையில் உட்கார்ந்து ஒரு தே தாரிக் தேநீர் வரவழைத்துக்கொண்டு, கீழ்மாடிப் படிவங்களைப் பக்கத்தில் வைத்து, அவற்றைப் போலவே மேல்மாடியை எழுதினேன். கிடைக்காத விவரத்தைக் கிடைத்ததிலிருந்து ஊகிப்பது எங்கள் துறையில் உள்ள வழக்கம்தான். ஆனால் ஊகம் என்று சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை. சொல்லாததோடு, சந்தேகம் வராதபடி வேலையும் பார்த்தேன். சில படிவங்களை நீல மையிலும் சிலவற்றைக் கறுப்பு மையிலும் எழுதினேன். ஒன்றின் மூலையை மடக்கினேன். ஒரு வீட்டார் பதில் தர மறுத்துவிட்டதாகக்கூட எழுதினேன்.

ஏறக்குறைய முடித்திருந்தபோது ஒரு பெண்மணி ரொட்டி சானாய் வாங்க வந்தார். என் மேசையில் இருந்த தாள்களைப் பார்த்தார்.

“சார், நீங்கதானே கணக்கெடுக்க வந்தவங்க? அஞ்சாவது மாடிக்கு எப்ப வருவீங்க? மூலை வீடு நம்மளது.”

“வரேம்மா.”

“இன்னிக்கேவா? வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக். ரெண்டு வருசமா படுக்கைதான். நேரம் சொன்னீங்கன்னா தூக்கி உக்கார வெச்சிருவேன்லா.”

“இன்னிக்கே வரேன். நீங்க போங்க.”

அவர் போனதும் மூலை வீட்டின் படிவத்தைத் தேடி எடுத்தேன். அதை ஏற்கெனவே எழுதியிருந்தேன். கணவன், மனைவி, கணவர் லோரி ஓட்டுநர், இருவரும் நலம். படியிறங்க முடியாதவர்: இல்லை. திருத்தியிருக்கலாம். மை கொண்டு எழுதியதை அடித்துத் திருத்தினால் அசிங்கமாகத் தெரியும். புதிதாக எழுத என்னிடம் வெற்றுப் படிவம் மிச்சமில்லை. படிவங்களைக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். மற்ற பதினைந்தையும் சோம்பல் என்று சொல்லலாம். அந்த ஒன்றைத் தெரிந்தே செய்தேன்.

மாற்று வீட்டுக்கான தேவை மிகக் குறைவு என்று எங்கள் கூட்டறிக்கை சொன்னது. தரைத்தள வீடுகள் ஒரு பாலர் பள்ளிக்கும் சாமான் அறைக்கும் போயின. நான் ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விருந்தில் கள ஆய்வில் என் நேர்மையைப் பற்றி ஒருவர் பேசினார். கைதட்டலின்போது நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வு நடந்து பதினைந்து வருடம் கழித்து, என்னுடைய பழைய மாணவி ஒருத்தி பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். அவளும் இப்போது விரிவுரையாளர். எங்கள் ஆய்வின் தரவுகளை எடுத்துத் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தாள். பதவி உயர்வுக்கு அதைத்தான் பெரிதாக நம்பியிருந்தாள்.

“சார், உங்க டேட்டாவுல ஒரு அதிசயம் இருக்கு. அஞ்சாவது மாடியில நடக்க முடியாதவங்க ஒருத்தர்கூட இல்ல. கீழ உள்ளவங்கள விட மேல உள்ளவங்கதான் ஆரோக்கியம். ஏன் சொல்லுங்க?”

நான் ரசம் ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“டெய்லி படி ஏறுறாங்க சார்! வெளிநாட்டுல இருந்தெல்லாம் கேட்டு எழுதுறாங்க. வயசானவங்கள மேல் மாடியில வெச்சாலே நல்லதுன்னு ஒருத்தர் பேசிக்கிட்டிருக்காரு.”

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சொன்னேன்.

“ஜோக் அடிக்காதீங்க சார்.”

“ஜோக் இல்லம்மா. பதினாறும் நான் எழுதினது.”

அவள் இலையை மடித்தாள். “பதினஞ்சு வருசம் சும்மாதானே இருந்தீங்க? இன்னும் ஒரு வருசம் இருந்திருக்கக் கூடாதா? எனக்கு புரமோஷன் முடிஞ்சிருக்கும்.” பிறகு கையைக் கழுவ எழுந்துகொண்டே கேட்டாள்: “எங்களுக்கு எதிக்ஸ் கிளாஸ் எடுத்தது யாரு சார்? மறந்துட்டேன்.”

அவள் தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றாள். பதவி உயர்வு நின்றுபோனது. அதன் பிறகு என் தொலைபேசி அழைப்பை அவள் எடுத்ததில்லை.

நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. நான்காவதற்குப் பிறகு நேரில் வரச் சொன்னார்கள். என் மகன் வயதுள்ள ஓர் அதிகாரி மிகவும் மரியாதையாகப் பேசினார். “சார், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. உங்க மேல நடவடிக்கை எடுக்க முடியாது. குற்றம்னு எழுதினா யாரு மேல எழுதுறது? பதிவுப் பிழைன்னு போட்டுட்டா எல்லாருக்கும் ஈஸி.” பிழை இல்லை, வேண்டுமென்றே செய்தது என்று நான் வாதாடினேன். அவர் மணியைப் பார்த்தார். கடைசியில் தரவுகளோடு இரண்டு வரிக் குறிப்பு ஒன்று சேர்ந்தது: ஐந்தாம் மாடி விவரங்களில் சில பதிவுப் பிழைகள் இருக்கக்கூடும். என் பொய்யை எழுத எனக்கு அரை நாள் பிடித்தது. அதைப் பொய் என்று ஒப்புக்கொள்ள வைக்க ஒரு வருடம் போராடியும் முடியவில்லை.

ஆத்திரத்தில், நடந்ததையெல்லாம் ஒரு சத்தியப் பிரமாணமாக எழுதி, அதற்குரிய அதிகாரி முன் கையெழுத்திட்டு, வீடமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பினேன். அதன் பிறகுதான் கிள்ளானுக்குப் போகும் துணிவு வந்தது.

இந்த முறை ஏறினேன். எழுபத்துநான்கு வயதில், ஒவ்வொரு மாடியிலும் நின்று, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மூலை வீட்டுக் கதவை அந்த அம்மாவே திறந்தார். முழங்காலில் துணிப்பட்டை கட்டியிருந்தார். நான் யார் என்று சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“ரொட்டி சானாய் கடையில உக்காந்திருந்த சாரா? அன்னிக்கு அவருக்கு ஷேவ் பண்ணி, தீபாவளிச் சட்டைய போட்டு உக்கார வெச்சேன். சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாரு. சரி, நாளைக்கு வருவாங்க போலன்னு மறுநாளும் உக்கார வெச்சேன்.”

நான் செய்ததைச் சொன்னேன்.

“எங்க வீட்டப் பத்தி என்னதான் எழுதினீங்க?”

“கணவன் மனைவி ரெண்டு பேரு. அவரு லோரி ஓட்டுநர். ரெண்டு பேரும் நலம்னு.”

அவர் சிரித்துவிட்டார். “லோரியா! அந்த மனுசனுக்கு சைக்கிள்கூட சரியா ஓட்டத் தெரியாது சார். துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு.” சிரிப்பு அப்படியே நின்றது. “நீங்க வந்துட்டுப் போன பெறகு நாலு வருசம் இருந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா நாலு ஆம்பளைங்கள கெஞ்சிக் கூப்பிட்டு நாற்காலியோட தூக்கணும். டாக்டர் குடுத்த தவணையில பாதிக்குப் போகவே இல்ல. கூப்பிடவே வெக்கமா இருக்கும்.”

“என்ன மன்னிச்சிருங்கம்மா.”

“அத அவருகிட்டல்ல கேக்கணும்.” முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். “எனக்குக் கீழ வீடு வேணும் சார். மாசத்துல ரெண்டு தடவை கிளினிக்கு. எறங்குறதுக்கு முக்கால் மணி நேரம் ஆவுது. பாலர் பள்ளிய மூடிட்டாங்க, கீழ வீடு மறுபடி காலியாத்தான் கெடக்கு. அதுக்கு ஏதாச்சும் செய்ய முடியுமா? முடியலன்னா சும்மா மன்னிப்பு கேட்டுக்கிட்டு வராதீங்க.”

வீடமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு தமிழ் இளைஞர். “அங்கிள், பழைய சர்வே எல்லாம் குளோஸ். இப்ப புதுசு ஓடுது, ஆன்லைன்லா. லிங்க் தரேன், அவங்களே போன்ல தட்டட்டும்.” படியிறங்க முடியாதவர்களைத் தேடும் கேள்வி அதிலும் இருந்தது. ஆனால் ஐந்தாம் மாடியில் பாதிப் பேர் தொலைபேசியைப் பேச மட்டுமே பயன்படுத்துகிறவர்கள்.

அதனால் என் தொலைபேசியோடு நானே போனேன். நான்கு நாட்கள் ஏறி இறங்கினேன். அந்த அம்மா ஒவ்வொரு கதவாக என்னை அழைத்துப் போய், “பயப்படாதீங்க, இவரு கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்பார். பதினாறு வீட்டிலும் கேட்டேன். ஐந்து வீடுகளில் தானாக இறங்க முடியாதவர்கள் இருந்தார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறந்தவரே தவழ்ந்துதான் வந்தார். என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக நான் எந்தப் படிவத்தையும் நிரப்பியதில்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. பதினாறும் நிராகரிக்கப்பட்டிருந்தன.

“எல்லாம் ஒரே போன்ல இருந்து வந்திருக்கு அங்கிள்,” என்றார் அதே கவுண்டர் இளைஞர். “யாரோ ஒக்காந்த எடத்துலயே தட்டி அனுப்பியிருக்காங்க.”

“அது நான்தான்பா. ஒவ்வொரு வீடா ஏறிப் போய்க் கேட்டு எழுதினேன்.”

அவர் என் பெயரைக் கணினியில் தட்டினார். முகம் மாறியது. “இதே ஃபிளாட்ல பொய் ஃபாரம் எழுதினீங்கன்னு ஒரு சத்தியப் பிரமாணம் ஃபைல்ல இருக்கே.”

“அதையும் நான்தான் அனுப்பினேன்.”

“அப்புறம் எப்படி அங்கிள் நம்பறது?”

மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். குரலை உயர்த்தினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேலதிகாரி வந்து அதே கேள்வியை மலாயில் கேட்டார். ஒரு முறை வந்து ஏறிப் பாருங்கள் என்று அவரிடம் மன்றாடினேன். சந்தேகத்துக்குரிய விண்ணப்பங்களுக்கு நேரடிப் பரிசோதனை கிடையாது என்றார். அந்த விதியில் தவறு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னைப் போன்ற ஆட்களுக்காகத்தானே அதைப் போட்டிருக்கிறார்கள்.

அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இதுல இருந்து ஒதுங்கிக்குங்க. உங்க பேரு உள்ள இருக்குற வரைக்கும் எங்க பேரு ஏறாது.”

“கேள்விய வெளக்கவாவது நான் இருக்கேன்மா. சிலது கொழப்பமா இருக்கும்.”

“நாங்க படிச்சுக்குவோம். கொழப்பமா இருந்தா கொழப்பமாவே எழுதுறோம். எங்க கையால எழுதினதா இருக்கட்டும்.”

பிள்ளைகளும் மருமக்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரும்போது, அவரவர் தொலைபேசியில் அவரவர் வீட்டுக்கு அந்த அம்மா நிரப்ப வைத்தார். ஒரு வீட்டுக்கு யாருமே வருவதில்லை. அந்த வீட்டுக்குத் தன் மகளைப் பூச்சோங்கிலிருந்து வரவழைத்து எழுத வைத்தார். இரண்டு மாதத்துக்குமேல் ஆனது. நான்கு நாட்களில் நான் முடித்த வேலை.

ஆறு மாதம் கழித்து அதிகாரிகள் இருவர் வந்து ஐந்தாம் மாடி வரை ஏறிப் பார்த்ததாக அவர் செய்தி அனுப்பினார். தவழ்ந்து வந்தவருக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் தரைத்தள வீடு கிடைத்திருக்கிறது. காலியாக இருந்தது அந்த இரண்டுதான். அந்த அம்மாவின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருக்கிறதாம். யாராவது காலி செய்தால் கூப்பிடுவார்கள்.

கிளினிக் நாட்களில் கைத்தாங்கலாக இறக்கிவிட ஓர் ஆளை ஏற்பாடு செய்யட்டுமா, நானும் கூட வரட்டுமா என்று பதில் அனுப்பினேன். மறுநாள் காலையில் குரல் செய்தி வந்தது.

“ஆள் அனுப்புங்க சார், நல்லாருக்கும். நீங்க மட்டும் இப்ப வராதீங்க. ஆபீஸ்காரங்க எப்ப வேணாலும் வருவாங்க. உங்களப் பாத்துட்டா, அப்புறம் எனக்குக் கெடைக்க வேண்டியது போயிரும்.”

ஆளை ஏற்பாடு செய்தேன். இதுவரை ஏழு முறை அந்த அம்மாவைப் பத்திரமாக இறக்கி ஏற்றியிருக்கிறார். நான் போகவில்லை.