இரண்டு ரிங்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒன்றும் குறையப்போவதில்லை.

சின்னமனூரில், புருஷனிடம் அடிபடும் பெண்களுக்கான உதவி மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு பெண் இரண்டே ரிங் விட்டுப் போனை வைத்தால், 'வீட்டை விட்டு வந்துவிட்டேன், கூட்டிப் போங்கள்' என்று அர்த்தம். நாங்கள் திரும்பக் கூப்பிடக்கூடாது. சத்தம் புருஷன் காதில் விழும். எங்கள் போனில் யாருடைய நிஜப் பெயரும் இருக்காது. இவாஞ்சலின் என்ற பெண்ணுக்கு நான் வைத்த பெயர் 'கீரைக்கார அக்கா'.

"அடுத்த தடவை கொன்னுபுடுவாகக்கா" என்று புருஷனைப் பற்றிச் சொல்லியிருந்தாள். கொல்லப்போகிறவனுக்கும் மரியாதை!

போன கார்த்திகை, ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை 6.52. இரண்டு ரிங். திரையில் 'கீரைக்கார அக்கா'.

டிரைவர் ராஜபாண்டி வேனை எடுத்தார். 7.20-க்குத் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றடி மோட்டார் ரூம். பேசி வைத்திருந்த இடம் அதுதான். முக்காடு போட்ட உருவம் ஒன்று கையில் நீலப் பையோடு நின்றது. அது நாங்கள் எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கும் பை. பின்கதவு திறந்தது... மூடியது.

மெயின் ரோடு வரும்வரை பேசக்கூடாது, லைட் போடக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. அதுவும் எங்கள் ஏற்பாடுதான். அன்றைக்கு அதுவே வினையாகிவிட்டது.

சொட்... சொட்...

மழை இல்லை. பாசி வாடை அடித்தது.

மனசு கேட்கவில்லை. "அடி பலமா, தாயி?"

பின்சீட்டிலிருந்து மெதுவாக...

"இன்னைக்காவது வந்தீகளே."

அது என்ன 'இன்னைக்காவது'? அப்போது எனக்குப் புரியவில்லை.

7.31. என் போன். இரண்டு ரிங். 'கீரைக்கார அக்கா'.

"கைபட்டு அடிக்குது தாயி. போனைக் கீழ வை."

7.33. மறுபடி அடித்தது. நிற்கவில்லை. எடுத்தேன்.

"அக்கா... ரெண்டு ரிங் விட்டேனே, பார்த்தீகளா? மோட்டார் ரூமுக்குப் பின்னால நிக்கேன். அவுக டார்ச்சோட தேடி வாராக..."

இவாஞ்சலின் குரல்.

அப்படியென்றால்...

திரும்பினேன்.

சீட் காலி.

கதவு பூட்டியபடியே இருந்தது.

"ஆத்தாடி!" என்று அலறிவிட்டேன். ராஜபாண்டி பின்சீட்டைப் பார்த்தார். "வண்டியைத் திருப்புங்க" என்றேன். திருப்பி விரட்டினார்.

7.41. திராட்சைப் பந்தலுக்குள்ளிருந்து இவாஞ்சலின் ஓடி வந்து ஏறினாள். நிஜ இவாஞ்சலின். பின்னாலேயே டார்ச் வெளிச்சம்.

கிணற்றடியில் வெளிச்சம் நின்றது.

"போ... போயிரு..." அவள் புருஷன் ஆல்பர்ட்டின் குரல் கிழிந்தது. எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. கிணற்றைப் பார்த்துச் சொன்னான்.

டார்ச் கீழே விழுந்தது.

"சீட்டு ஈரமா இருக்குக்கா" என்றாள் இவாஞ்சலின்.

இத்தனை நேரம் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். வெட்கம்தான் காரணம். நான்கு வருடத்துக்கு முன்னால் 'கீரைக்கார அக்கா' வேறொருத்தி. அனிதா மேரி. ஆல்பர்ட்டின் முதல் மனைவி. ஒரு நாள் மாலை அவளும் இரண்டு ரிங் விட்டாள். வேன் வெளியே போயிருந்தது. ஆட்டோவாவது பிடித்திருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். காலையில் போனபோது, "அவ திருப்பூர் மில்லுக்குப் போயிட்டா" என்றான் ஆல்பர்ட். நானும் ஃபைலை மூடிவிட்டேன்.

இவாஞ்சலின் வந்தபோது அதே பெயரில் அவள் எண்ணையும் சேர்த்தேன். பழைய எண்ணை அழிக்கவில்லை.

அன்றிரவு மையத்தில் உட்கார்ந்து அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். 7.31-ம் 7.33-ம் இவாஞ்சலினின் எண்.

6.52 பழைய எண்.

அது வராமல் இருந்திருந்தால், 7.31-க்குத்தான் சின்னமனூரிலிருந்தே கிளம்பியிருப்போம். நாங்கள் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

இவாஞ்சலினின் புகாரோடு நான் பார்த்ததையும் போலீஸில் சொன்னேன். சிரித்தார்கள். விடவில்லை, தினமும் போய் நின்றேன். ஒன்பதாம் நாள் கிணற்றை இறைத்தார்கள்.

அடியில் எலும்புகள். பக்கத்தில் ஒரு நீலப் பை.

பைக்குள் ஒரு பட்டன் போன் இருந்தது. பேட்டரி எப்போதோ ஊறி வெடித்திருந்தது.