தேவனின் கல்வெட்டில் ஒரு வரி

காலை 7.30. ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு 540 கிலோமீற்றர்; பேருந்துக் கட்டணம் அறுபத்திரண்டு டொலர். மடியில் ஒரு பெட்டி, அதற்குள் என் நண்பன் தேவனின் கல்வெட்டு, இருநூறு பிரதிகள். இறந்தவரின் வாழ்க்கையை அச்சிட்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் கொடுப்பது எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம். அந்தியேட்டி நாளை. எழுதியவன் நான், நன்றாக எழுதிவிட்டேன் என்ற தலைக்கனம் வேறு.

பிற்பகல் 2.15. தேவனின் மகள் ஆரணி காரோடு நின்றாள். துறைமுகத்துக்கு அருகே, லொறிகள் நிற்கும் வளவில் அப்பாவின் சாமான்களை எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். வழிநெடுகக் கொள்கலன்கள். காவலாளி தந்த மட்டைப்பெட்டியில் கையுறை, சுடுதண்ணிப் போத்தல், ஒரு இசைத்தட்டு.

ஆரணி இசைத்தட்டைக் காரில் ஓடவிட்டாள். கித்தார் உறுமியது. அமெரிக்கத் தென்மாநிலத்து நாட்டுப்புறப் பாட்டுகள், ரொக் இசை வேகத்தில். சின்ன ஊர், ஆலை வேலை, லொறி ஓட்டம், வெள்ளிக்கிழமைச் சம்பளம். பாடியவனுக்கு எதிலும் வெட்கமில்லை.

"அப்பா ஒவ்வொரு நாளும் இதைத்தான் கேக்கிறவர். எங்களைப் பற்றித்தான் பாடுறாங்கள் எண்டுவார்" என்றாள். "மாமா, எனக்குத் தமிழ் வாசிக்க வராது. நீங்கள் எழுதினதை வாசியுங்கோ."

வாசித்தேன். "கர்நாடக இசைப் பிரியர். போக்குவரத்துத் துறை நிர்வாகி."

"நிர்வாகி எண்டா?"

"மனேஜர், பிள்ளை."

"அப்பா லொறிதானே ஓடினவர்?"

"அம்மாதான் அப்பிடிப் போடச் சொன்னவ" என்று நழுவினேன். சொன்னதும் என்மீதே அருவருப்பு வந்தது.

மாலை 4.30. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் தேவனின் மூன்றாம் மாடி வீடு. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரணி தாய் வசந்தியிடம் கேட்டாள்: "அம்மா, அப்பாவை நினைச்சா உங்களுக்கு வெக்கமோ?"

வசந்தி அழுதுவிட்டாள். "கலியாண வீடுகளிலை வேலையைப் பற்றிக் கதைக்காதேங்கோ எண்டு நான்தான் சொல்லுறனான் அண்ணை. மனுசன் ஒருநாளும் கோவிக்கேல்லை."

பிறகு அவளே பேனாக்களை எடுத்து வந்தாள். மூவருமாக ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரிகளை வெட்டி, "லொறிச் சாரதி" என்று எழுதினோம். ஆரணி என் எழுத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக வரைந்தாள். முடிக்க இரண்டு மணித்தியாலம் ஆனது.

மறுநாள் மாலை 5.00. திரும்பும் பேருந்து. கல்வெட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. வசந்தியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தேவன் ரொறன்ரோவுக்கு வரும்போதெல்லாம் நானும் அவனை "போக்குவரத்துத் துறையில் இருக்கிறார்" என்றுதான் அறிமுகப்படுத்துவேன். அவன் பக்கத்தில் நின்று சிரிப்பான். அதை அடக்கம் என்று நினைத்திருந்தேன்.