மூச்சு வாங்குகிறவளும் ஓடலாம்

"உங்களுக்கு ரன்னிங் செட் ஆகாதுங்க. பேசாம வாக்கிங் போங்க."

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் குழுவின் கேப்டன் பிரபு சார் இதைச் சொன்னபோது, நெமிலிச்சேரி பக்கம் வெளிவட்டச் சாலை ஓரமாக முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தேன். ஓடியது மூன்றே கிலோமீட்டர். நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

பிரபு சார் கெட்டவர் இல்லை. கோவைக்காரர், ஐ.டி. வேலை, புது ஃப்ளாட். மனம் நோகும்படி சொன்னாலும் கூடவே ஒரு 'ங்க' போட்டுத்தான் சொல்வார்.

"ஓடும்போது மூச்சு வாங்கினா பரவாயில்லீங்க. நின்னு பத்து நிமிஷம் ஆகியும் வாங்குதே..."

என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் மூச்சு இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். 'இது உனக்கு செட் ஆகாது' என்பதைப் பத்தாம் வகுப்பில் கணக்குக்கும் கேட்டிருக்கிறேன், கல்லூரியில் இங்கிலீஷுக்கும் கேட்டிருக்கிறேன். இரண்டையும் செட் ஆக்கிக்கொண்டவள், போயும் போயும் மூச்சையா விட்டுக்கொடுப்பேன்?

முதலில் வீடியோக்கள் பார்த்தேன். மூக்கால் மட்டும்தான் மூச்சு விட வேண்டும் என்கிறார் ஒருவர். மூன்று அடிக்கு இழு, இரண்டு அடிக்கு விடு என்கிறார் இன்னொருவர். நான் காலை எண்ணுவதா, மூச்சை எண்ணுவதா, எதிரே வரும் லாரியை எண்ணுவதா? வாயை இறுக மூடிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். இரண்டாவது கிலோமீட்டரிலேயே கண் இருட்டியது.

அப்புறம்தான் ஆவடியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். படுக்கவைத்து, என் கையை எடுத்து என் வயிற்றிலேயே வைத்தார். "இப்ப மூச்சை நல்லா இழும்மா."

இழுத்தேன். வயிறு உள்ளே போனது.

"தலைகீழா பண்றே. இழுத்தா வயிறு வெளிய வரணும். எத்தனை வருஷமா இப்படி?"

யோசித்துப் பார்த்தேன். வயசுக்கு வந்ததிலிருந்து! வயிறு தெரியக்கூடாது, நெஞ்சு தெரியக்கூடாது, மூச்சு வாங்குவதுகூட யாருக்கும் தெரியக்கூடாது. தெருவுக்குப் பயந்து, டி-ஷர்ட்டுக்குள்ளே இறுக்கமாக இரண்டு அடுக்கு உள்ளாடை வேறு போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன். "நுரையீரல் விரிய எடம் வேணாமா? முதல்ல ஒண்ணைக் கழட்டு" என்றார் டாக்டர்.

தினமும் தரையில் படுத்து, வயிற்றில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்து, மூச்சால் அதை ஏற்றி இறக்கினேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, புக்கை வயித்து மேல வெச்சிகினு படுத்துக்கீற? கண்ணால தானே படிப்பாங்கோ?"

அம்மா அம்பத்தூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறாள். எழுத்துதான் தெரியாதே தவிர, கேள்வி கேட்கத் தெரியும்.

இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடினேன். உள்ளே இழுப்பதைவிட நிதானமாக வெளியே விட்டேன். வாயைத் தாராளமாகத் திறந்தேன். மூன்று கிலோமீட்டர் ஐந்தாகியது. ஆனால் அந்த விசில் மட்டும், நின்ற பிறகு வருகிற விசில், போகவில்லை.

மறுபடி டாக்டர். மூச்சின் வேகத்தை முள்ளால் காட்டுகிற ஒரு குழாயில் ஊதச் சொன்னார். மாடிப்படியில் நாலைந்து முறை ஏறி இறங்கவைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார். முள் முன்பு காட்டியதைவிட நன்றாக இறங்கியிருந்தது. ஓடினால் வருகிற இளைப்பு. ஆஸ்துமா வகைதான் என்றார். ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் இன்ஹேலர், பிறகு மெதுவாக உடம்பைச் சூடேற்றல், இன்ஹேலர் எப்போதும் கையில் இருக்க வேண்டும். (இது எனக்குச் சொன்னது. உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்லட்டும்.)

"அப்போ நான் ஓடலாமா டாக்டர்?"

"ஓடாதேன்னு நான் எப்ப சொன்னேன்?"

டாக்டர் சொல்லவில்லை. இன்ஹேலரைப் பார்த்த அம்மாதான் வேறொரு 'கூடாது' சொன்னாள்.

"பம்ப்பா? அத்த ஊட்டுக்குள்ளயே அடிச்சிக்க. ரோட்டுக்கு எடுத்துகினு போவாத. நாளைக்கு பொண்ணு பாக்க வர்றவன் இன்னா சொல்லுவான்?"

"பொண்ணுக்கு இளைக்குதுன்னு சொல்லுவான். உண்மைதானே?"

"உனுக்கு நெஞ்சுதான் இளைக்கும். வாய் இளைக்கவே இளைக்காது."

எங்கள் தெருவில் பையனுக்கு இளைத்தால் அது வெறும் சளி. பெண்ணுக்கு இளைத்தால் குடும்ப ரகசியம். அம்மாவிடம் வாயாடினேனே தவிர, நானும் அந்தத் தெருக்காரிதானே? அந்த ஞாயிறு இன்ஹேலரை வீட்டிலேயே அடித்துக்கொண்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். படித்தவள் செய்கிற காரியமா இது?

முத்தாபுதுப்பேட்டை தாண்டி நாலாவது கிலோமீட்டர். ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. நெஞ்சு கதவைச் சாத்திக்கொண்டது. கற்ற வித்தை எதுவும் எடுபடவில்லை. உள்ளே இழுத்தது வெளியே வரவில்லை. சாலையோரம் உட்கார்ந்தவளுக்குப் பேச்சே எழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பதறிய பிரபு சாரிடம், வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். குழுவுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவரும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தார்.

வாசலில் என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பீரோவைத் திறந்து, பம்ப்பை எடுத்துக் குலுக்கி, என் வாயில் வைத்தவள் அவள்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நேராக டாக்டரிடம் போனோம். திட்டு எனக்குத்தான்; ஆனால் தலையைக் குனிந்துகொண்டது அம்மா.

அந்த வாரக் கடைசியில் என் ட்ராக் பேன்ட்டின் இடுப்பில் புதிதாக ஒரு பாக்கெட் முளைத்திருந்தது. இன்ஹேலர் கச்சிதமாக உட்காருகிற அளவு. பாக்கெட் உள்பக்கம் இல்லை, வெளிப்பக்கம்.

"உள்ள வெச்சா அவசரத்துக்குக் கைக்கு வராது" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

டாக்டர் அனுமதி தந்த பிறகு மறுபடி குழுவில் போய் நின்றேன். எல்லோர் முன்னிலையிலும் இன்ஹேலரைக் குலுக்கி, இழுத்து, மூச்சைக் கொஞ்சம் பிடித்துவைத்து, பிறகு விட்டேன். பிரபு சார் அருகில் வந்தார்.

"இது பழக்கம் ஆயிடாதுங்களா?"

"உங்க கண்ணாடி பழக்கம் ஆயிடுச்சா சார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு சிரித்தார். அன்று ஏழு கிலோமீட்டர் ஓடினேன். கடைசியாகத்தான் வந்தேன். வாயைத் திறந்து, வயிறு ஏறி இறங்க, உலகத்துக்கே கேட்கிற மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்கட்டுமே! என் மூச்சு, நான் வாங்குகிறேன்.

அடுத்த மாதம் ஆவடியில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று இருக்கிறது. நேற்று அதற்கு விண்ணப்பம் போட்டேன். 'உடல்நலக் குறைபாடு ஏதும் உண்டா?' என்ற கட்டத்தில், "இளைப்பு உண்டு. மருந்து இடுப்பில் இருக்கும்" என்று எழுதி, அனுப்பியும் விட்டேன்.