ஜிரியா தேவி நினைவு ஆஸ்பத்திரி

ஜிரியா தேவியைச் சாகடித்தது குலேசர் பாபுதான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஊர் உலகமே கேட்கச் சாகடித்தார். அவள் அப்போது அதே கூட்டத்தில், பெண்கள் பக்கம் உட்கார்ந்து வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தாள்.

"சிம்ராஹாவுல எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா," என்று ஆரம்பித்தார். "பிரசவ வலியோட மாட்டு வண்டியில ஏத்துனாங்க. கமலா ஆத்தைத் தாண்டுறதுக்குள்ள உசுரு போயிடுச்சு. ஏன்? இந்தக் கரையில ஒரு ஆஸ்பத்திரி உண்டா? பணக்காரன் ஆண்டா ஏழைக்கு எங்கய்யா ஆஸ்பத்திரி?"

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டமே மூக்கைச் சிந்தியது. ஜிரியாவும் யாரோ எவளோ என்று சேர்ந்து அழுதாள். "என் ஜிரியா போயிட்டா" என்று அவர் பேரைச் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தங்கச்சி என்றது பொய்யில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், தங்கைகள் அண்ணன் கையில் நூல் கட்டும் ராக்கி நாளன்று, சங்கிலி அறுந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடிகுழாயில் தண்ணீர் கேட்டு நின்ற இளைஞன்தான் இந்தக் குலேசர். வெறும் கையோடு நிற்கிறாரே என்று ஜிரியா ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டாள். "இன்னையிலேர்ந்து நீ என் தங்கச்சி, எது வேணும்னாலும் கேளு" என்றார். பாவி மகள் அதை அப்படியே நம்பினாள். எங்கள் பக்கத்தில் கையில் நூல் கட்டியவள் கேட்டால் அண்ணன் இல்லையென்று சொல்வானா? அவர் பசியோடு வந்தபோதெல்லாம் பச்சை மிளகாயும் கடுகெண்ணெயும் போட்டுச் சத்துமாவு பிசைந்து கொடுத்தாள். தேர்தலில் நின்றபோது வீடு வீடாகப் போய், "எங்க அண்ணன் நிக்கிறாரு" என்று ஓட்டுக் கேட்டாள்.

உள்ளதைச் சொல்லவேண்டும். அவர் ஜெயித்த பிறகுதான் ஜிரியாவின் புருஷன் லக்கிந்தர், பண்ணையார் வாசல் வழியே செருப்புப் போட்டு நடந்தான். அதற்காக இந்த ஜனம் அவருக்குத் தோலைச் செருப்பாய்த் தைத்துக் கொடுக்கும். மந்திரியானதும் ஹெலிகாப்டரில் வந்து விளைந்த மசூர்ப் பருப்பு வயலில் இறங்கினார். வயலுக்குச் சொந்தக்காரன் அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தான்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் மேடைக்குப் போய் நியாயம் கேட்கக் கிளம்பிய ஜிரியாவை முகியா ராம்கிசுன் மறித்தான். ஊர்த் தலைவன், வாயில் எப்போதும் வெற்றிலை.

"அண்ணி, இப்பத்தான் உன் பேர்ல ஆஸ்பத்திரி கட்டித் தர்றேன்னிருக்காரு. நீ போயி உசுரோட நின்னா எல்லாம் கெட்டுச்சு."

"அதுக்கு நான் சாகணுமா?"

"நெசமாவா சாகச் சொல்றோம்? கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் தலையைக் காட்டாதே, போதும்."

லக்கிந்தரும் தலையாட்டினான். ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி வருமென்றால் செத்துத்தான் தொலைப்போமே என்று அவளும் அடங்கினாள். கட்டடம் எழுந்தது. ஜிரியாவுக்குப் புதுச் சேலை கட்டி உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். "சிரிக்காதே சித்தி, மாலை போடுற படம் இது" என்றான் படம் பிடித்தவன். திறப்பு விழாவன்று ஊரே பூரியும் பூந்தியும் தின்றது. செத்தவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் கிடந்தாள்.

விழாவுக்கு வந்த டாக்டர் விழாவோடு போனார். கதவில் பூட்டுத் தொங்கியது. சுவர் முழுக்க வறட்டி காய்ந்தது. இதற்கா ஒரு மனுஷியைக் கொன்றீர்கள் என்று கேட்க ஊரில் ஒருத்தனுக்கும் வாயில்லை.

அடுத்த வருஷம் மருமகள் ரஞ்சு முழுகாமல் இருந்தாள். மகன் பஞ்சாபில் கூலி வேலை. ரஞ்சுவுக்குக் கால் வீங்கிக் கண் இருட்டியது. மழை இறங்கிவிட்டால் ஆற்றைத் தாண்ட முடியாது. அதற்குள் ஒரு டாக்டரை வரவழைத்தாக வேண்டும். அண்ணனிடம் நேரிலேயே கேட்டுவிடுகிறேன் என்று ஜிரியா ரயிலேறிப் பாட்னாவுக்குப் போனாள்.

மந்திரி பங்களா வாசலில் காவல்காரன் கேட்டான்: "யாரு நீ?"

"ஐயாவோட தங்கச்சி. சிம்ராஹா ஜிரியா."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஜிரியா தேவி செத்து எத்தனையோ வருஷமாச்சு, கிழவி. உள்ளே கூடத்துல படம் மாட்டி, தினமும் ஐயா கையாலேயே மாலை போடுறாரு. புளுகுறதுக்கு வேற பேரு கிடைக்கலையா?"

"அந்தப் படத்தையும் என் மூஞ்சியையும் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லு, தம்பி."

அவன் பார்க்கவில்லை. லத்தியை நீட்டித் தெருவைக் காட்டினான்.

மழை இறங்கியது. ரஞ்சுவுக்கு வலி எடுத்தபோது பூட்டிய ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் டிராக்டர் போனது. குழந்தை டிராக்டரிலேயே பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. கமலா ஆற்றைத் தாண்டுவதற்குள் ரஞ்சு போய்விட்டாள். அந்த மனுஷன் வாய்க்கு வந்தபடி அளந்துவிட்ட கதை, இந்த வீட்டில் எழுத்துப் பிசகாமல் நடந்தது. வயிறு எரியாதா?

மறு தேர்தலுக்குக் குலேசர் பாபு சிம்ராஹாவுக்கே வந்தார். "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா" என்று தொடங்கும்போது, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜிரியா மேடையேறினாள். முகியா சேலையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள்.

"நான் சாகலை அண்ணா," என்றாள். குரல் மைக்கில் விழுந்தது. "செத்தது என் மருமக ரஞ்சு. நீ கட்டுன ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்துச்சு."

குலேசர் பாபு தடாலென்று அவள் காலில் விழுந்து ஓவென்று அழுதார்.

"என் தங்கச்சி செத்துட்டான்னு என்கிட்டேயே பொய் சொல்லிட்டாங்க, எதிரிப் பசங்க! டாக்டரை வரவிடாம தடுத்ததும் அவனுங்கதான். ரஞ்சு எனக்கும் மகதான். இதே ஊர்ல ரஞ்சு பேர்ல இதைவிடப் பெரிய ஆஸ்பத்திரி கட்டுறேன். அவ ரத்தத்துக்கு உங்க ஓட்டால பதில் சொல்லுங்க."

முதலில் கை தட்டியது முகியா. பிறகு ஊரே தட்டியது. லக்கிந்தரும் தட்டினான்.

குலேசர் பாபு எழுந்து, ஜிரியாவின் இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "பாருங்க, தாயில்லாப் பிள்ளை" என்றார். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள்.

ஜிரியா எட்டிக் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இதை விட்டுடு," என்றாள். "இது உசுரோட இருக்கு."