ஏழுமலையின் குடை

வாருங்கள் சார், வெயிலில் நிற்காதீர்கள், இந்தப் பக்கம் வேப்பமர நிழல் இருக்கிறது. வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? திருமுல்லைவாயிலிலிருந்து வந்தவர்களுக்கு டீ கொடுத்தார்களா? எல்லோரும் கொஞ்சம் உட்காருங்கள். காக்கை இன்னும் இறங்கவில்லை. ஏரிக்கரையில் வைத்த படையல் இலை அப்படியே இருக்கிறது. அதன் எதிரே காலையிலிருந்து என் தங்கை சரசு உட்கார்ந்திருக்கிறாள். காக்கை சோற்றைத் தொட்டால்தான் எழுந்திருப்பேன் என்கிறாள். அதுவரை அவள் புருஷன் ஏழுமலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். எனக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

செய்தி வந்தபோது நான் குத்தம்பாக்கத்தில் லோடு ஆட்டோவிலிருந்து டைல்ஸ் இறக்கிக்கொண்டிருந்தேன். மாடி வீடு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. வீட்டுக்காரரோ ஒரு டைல்ஸ் முனை உடைந்தாலும் வாங்கமாட்டேன் என்று படிக்கட்டிலேயே நிற்கிறார். அந்தக் கதை கிடக்கட்டும். போனில் சரசு.

"அண்ணே, அவரு இன்னும் ஊட்டுக்கு வர்ல."

"ஏரிலதான கீறான்? வருவான்."

"மத்தியானம் நான் வச்ச சோத்துத் தூக்கு வச்ச எடத்துலியே கீதுண்ணே. தொறக்கவே இல்ல."

தூக்கைத் திறக்காமல் இருக்கிற ஆள் இல்லை அவன். டைல்ஸை அங்கேயே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவனுடைய குடையை உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்கமாட்டீர்கள். பார்க்கக் கூடாது என்பதற்காகத்தானே அதைச் செய்தான். பழைய குடையில் துணியைக் கிழித்துவிட்டு, கம்பிமேல் மீன்வலையை இழுத்துக் கட்டினான். வலையின் கண்களில் ஏரியிலேயே பிடுங்கிய ஆகாயத்தாமரையைச் சொருகுவான். கரையோரச் சேற்றில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்து, குடைக் கம்பை முன்னால் ஊன்றிக்கொண்டால், ஆளைக் காணோம். ஏரியில் மிதக்கும் செடிகளில் அதுவும் ஒரு செடி. மடக்கினால் அரிசிப் பையில் போய்விடும். சைக்கிளில் மாட்டிக்கொண்டு போவான்.

"அசையாம கீறதுக்குப் பேரு ஒளியறது இல்ல மச்சான்" என்பான் என்னிடம். "காத்துக்கு மத்த செடி எப்டி ஆடுதோ, குடையும் அப்டியே ஆடணும். அப்பத்தான் வாத்து நம்பும்."

அந்தப் பையில் வாத்துகளும் இருந்தன. தேய்ந்துபோன ரப்பர் செருப்புகளை வெட்டிச் செய்தவை. தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட பெரிய வாத்து, குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருமே, அதன் உருவம். வருமே என்று சொல்லிவிட்டேன். சில வருஷம் வரும், பல வருஷம் வராது. செருப்பு வாத்துகளைக் குச்சியில் குத்தித் தண்ணீரில் நட்டுவைப்பான். மேலே பறக்கிற கூட்டம் பார்த்துவிட்டு இறங்கும். ஒருமுறை நான் உதவி செய்கிறேன் என்று எல்லா வாத்துக்கும் கழுத்தை நன்றாக நிமிர்த்தி, கம்பீரமாக வெட்டிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னா மச்சான், போலீஸ் ஸ்டேசனே கட்டி வச்சிக்கீற? தல நிமிந்துகினு கீற வாத்து போலீசு. குனிஞ்சிகினு கீறது விருந்துக்கு வந்தது. மேல போறவன் விருந்தப் பாத்துதான் எறங்குவான்."

எல்லாவற்றையும் மறுபடி குனிய வைத்தான். கூட ஒரு காக்கையும் வெட்டினான், அதுவும் குனிந்து தின்கிற மாதிரி. காக்கை பயப்படாமல் தின்கிற இடத்தில் வாத்தும் பயப்படாதாம்.

அந்தக் காலத்தில் பிடித்துத்தான் சாப்பிட்டான். பிறகு வனத்துறைக்காரர்கள் வந்து கண்ணியை எல்லாம் அறுத்துக்கொண்டு, இன்னொரு தடவை பார்த்தால் உள்ளே வைப்போம் என்றார்கள். குடையையும் எடுக்கப் போனார்கள். "குடைக்கு இன்னா சார் சட்டம்? வெயிலுக்குப் புடிக்கிறேன்" என்றான். அவர்களே சிரித்துவிட்டார்கள். அதோடு பிடிப்பதை விட்டான். போய் உட்காருவதை மட்டும் விடவில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை இல்லாத நாளெல்லாம் குடைக்குள்தான். என்னத்துக்கு என்று கேட்டால், "பக்கத்துல வந்து ஒக்காருது இல்ல" என்பான். அவ்வளவுதான்.

இந்த சாருக்குத் தெரியும். அடுக்குமாடியிலிருந்து கேமராவோடு வந்து இவரும் ஒருநாள் குடைக்குள் உட்கார்ந்தார். சரியாக வாத்து இறங்குகிற நேரத்தில் இவர் போன் அடித்தது. வாத்தும் போனது, படமும் போனது. "மேனேஜரா சார்? அவருக்கும் ஒரு குடை கட்டித் தரேன், கூட்டினு வா" என்றானே, ஞாபகம் இருக்கிறதா? அன்றிலிருந்து எல்லோருக்கும் கட்டளை போட்டுவிட்டான்.

"நான் உள்ள கீறப்போ யாரும் பேரு சொல்லிக் கூப்டக்கூடாது. ஊடு பத்திகினாலும் நீங்களே அணைச்சிக்கங்க."

சரசுவும் அதற்குக் கட்டுப்பட்டவள்தான். மத்தியானம் சோறு கொண்டுவந்தால் கரையிலிருந்து குடையைப் பார்ப்பாள். தூக்கை மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அன்றும் அப்படித்தான் செய்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தலையில் கோடு போட்ட அந்தப் பெரிய வாத்துகள் வந்திருந்தன. பொய் வாத்துக்கு நடுவில் நிஜ வாத்துகள், கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில், குடையைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன. அவன் பார்த்தானா, பார்ப்பதற்கு முன்னாலேயே போய்விட்டானா, தெரியாது. "மாப்ள" என்றேன். அப்புறம் வாய்விட்டு "ஏழுமலை" என்று கூப்பிட்டேன். எல்லா வாத்தும் ஒரே சமயத்தில் எழும்பிப் போயின. குடை மட்டும் எழவில்லை. கம்பின்மேல் நெற்றியைச் சாய்த்தபடி இருந்தான்.

நெஞ்சுவலி என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டதற்கு உறுதியாகச் சொல்லமுடியாது என்றார். சரசுவுக்கு அந்த ஒன்றுதான் தெரியவேண்டும்.

"நான் நின்னப்போ உசுரு இருந்துச்சாண்ணே? குடை ஆடிச்சி. நான் பாத்தேன். காத்துக்கு ஆடிச்சி. அவருதான் ஆட்டறாருன்னு நெனச்சிகினு வந்துட்டேன்."

இப்போது காக்கையும் வரவில்லை. அதோ டிரான்ஸ்ஃபார்மர்மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. நாமும் வறுத்த மீன் வைத்தோம், ஆம்லேட் வைத்தோம், பீடிக் கட்டு வைத்தோம். "மாப்ள, உன் பொண்ணு கண்ணாலத்த நான் பாத்துக்கறேன், வா" என்று நானே கைகூப்பிச் சொன்னேன். ஆளாளுக்கு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. சரசு என்னிடம் மெதுவாகச் சொல்கிறாள்: "கோவம்ண்ணே. அன்னிக்கு ஏன்டி கூப்டலன்னு எம் மேல கோவம்."

அவன் பையில் இருந்த செருப்பு வாத்துகளைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். குடையைச் சரசு வீட்டில் விரித்தே வைத்திருக்கிறாள், மடக்கவிடமாட்டேன் என்கிறாள். நான் அவனிடமிருந்து வைத்துக்கொண்டது இது ஒன்றுதான், பாருங்கள், இந்தச் செருப்புக் காக்கை. காலையிலிருந்து சட்டைப் பையில் இருக்கிறது. இலைக்குப் பக்கத்தில் குத்தி வைத்தால் மேலே இருப்பவை இறங்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் அப்படி இறங்கினால் அது ஏழுமலை வந்ததாகுமா, இல்லை என் தங்கையை நானே ஏமாற்றியதாகுமா என்றுதான்...

"அண்ணே."

என்னம்மா?

"பையில கீற காக்காவ எடுத்துகினு வா. அவரு கையால செஞ்சதுதான? அவரே கூப்டட்டும்."

வருகிறேன் சரசு. சார், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், போனை அணைத்துவிடுங்கள். எல்லோரும் சத்தமில்லாமல் இருங்கள், இனிமேல் யாரும் அவன் பெயரைச் சொல்லிக்...